காற்றுக்கு இரண்டு வாசல்

காற்றைப் பற்றி எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. அது இருக்கும்போது யாரும் அதை நினைப்பதில்லை. இல்லாதபோது வேறு எதையும் நினைக்க முடிவதில்லை. சோறில்லாதவர்களுக்காகவும் துணியில்லாதவர்களுக்காகவும் வாதாட நீதி நூல்கள் இருக்கின்றன, மேடைகளும் இருக்கின்றன. காற்றில்லாதவர்களுக்காக வாதாடியவர்கள் மிகச் சிலரே. காற்று எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட்டோம். பொதுதான், சந்தேகமில்லை. ஆனால் பொதுவில் கிடப்பதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அதனால் வரும் தொல்லையை மட்டும் பொதுவில் விட்டுவிடும் சாமர்த்தியம் மனிதனுக்கு உண்டு. நாம் சற்று யோசிக்க வேண்டியது அந்தச் சாமர்த்தியத்தைப் பற்றித்தான்.

இந்த யோசனைக்கு ஏற்ற ஊர் தென்காசி. ஆனி பிறந்ததும் மேல்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து செங்கோட்டை, குற்றாலம், தென்காசி என்று வரிசையாக ஒவ்வோர் ஊரையும் விசாரித்துக்கொண்டு வருகிறது. மலைக்கு அப்பால் கொட்டித் தீர்த்த மழையின் மிச்சம் சாரலாக இப்பால் சிந்துகிறது. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுர வாசலில் அந்தக் காலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஏறத்தாழ 180 அடி உயரமுள்ள கோபுரம் அது. நெடுங்காலம் சிதைந்து கிடந்து, திருப்பணி முடிந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. வாசலுக்குள் நுழையும்போது காற்று எதிரே வந்து நெஞ்சில் கை வைத்துத் தடுக்கும். சில அடி தாண்டிவிட்டால் அதே காற்று முதுகுப் பக்கமாக வந்து உள்ளே தள்ளும். 'முதலில் யோக்கியதையைச் சோதிக்கிறது, பிறகு வரவேற்கிறது' என்று பக்தர்கள் பொருள் சொல்லிக்கொள்வார்கள். உயர்ந்த சுவர்களுக்கும் குறுகிய வாசலுக்கும் நடுவே காற்று சுழன்று திரும்புகிறது என்று பௌதிகம் படித்தவர் சொல்வார். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். கரியும் எண்ணெயும் மின்சாரமும் இல்லாமல், ஓசையும் இல்லாமல், ஒரு கட்டடம் இத்தனை நூற்றாண்டுகளாகக் காற்றை நடமாட வைத்துக்கொண்டிருக்கிறது. நான் வியப்பது அதை.

காற்றோட்டக் கலையை மிகவும் கஷ்டப்பட்டுக் கற்றவர்கள் கட்டடக்காரர்கள் அல்ல; பாய்ப்படகுக்காரர்கள். கேட்பதற்கு விநோதமாக இருக்கும். நடுக்கடலில் வீசாத காற்றா என்று தோன்றும். ஆனால் படகின் மேல்தளத்துக்குக் கீழே, படுத்துறங்கும் சிறு அறையில், காற்று செத்துக் கிடக்கும். ஈரத் துணி, சமையல் ஆவி, மனித மூச்சு எல்லாம் அங்கே சேர்ந்து புழுங்கும். மேலே கதவைத் திறந்தால் அலைத் தண்ணீர் உள்ளே பாய்கிறது. மூடினால் மூச்சு முட்டுகிறது. விசிறி வைக்கலாம் என்றால் மின்கலத்தில் உள்ள கையளவு மின்சாரம் இரவு விளக்குக்கும் திசைகாட்டும் கருவிகளுக்கும் வேண்டும். அப்படியே வைத்தாலும் காதுக்கு ஒரு முழத் தூரத்தில் அது உறுமினால் தூங்குவது எப்படி?

இதற்கு அவர்கள் கண்ட வழிகள் அழகானவை. நங்கூரமிட்ட படகு தானாகவே காற்றுக்கு முகம் காட்டித் திரும்பி நிற்கும். முன்புறத் திறப்பின் மேல் பை போல ஒரு துணியைக் கட்டினால் அது காற்றைச் சேந்தி உள்ளே ஊற்றும். பின்புற வாசல் திறந்திருந்தால் அது வெளியேறிவிடும். பழைய பெரிய கப்பல்களிலும் நீண்ட துணிக்குழாய்களைப் பாய்மரத்திலிருந்து தொங்கவிட்டு அடித்தளம் வரை இப்படிக் காற்று இறக்கினார்கள். தண்ணீரை விலக்கிக் காற்றை மட்டும் எடுக்கும் ஒரு பெட்டியும் உண்டு. 1930-இல் அமெரிக்காவில் கடலில் இறங்கிய டொரேட் என்ற பந்தயப் படகின் பெயரால் அதை அழைக்கிறார்கள். பெட்டியின் ஒரு முனையில் காற்றுப் பிடிக்கும் புனல். மறுமுனையில் அடித்தட்டுக்கு மேலே எழும்பி நிற்கும் குழாய். காற்றோடு வந்த நீர் பெட்டியின் தரையில் விழுந்து ஓட்டை வழியாக வெளியே ஓடிவிடும். பாரமற்ற காற்று குழாயில் ஏறி அறைக்குள் இறங்கும். சாரலை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே அழைக்க விரும்பும் குற்றாலத்து வீட்டுக்காரருக்கும் இதே கவலைதான். சாய்வாக அடுக்கிய பலகைச் சட்டங்களுள்ள பழைய சன்னல் அவருக்காக அதே வேலையைச் செய்தது.

படகறையின் பெருமை இந்தச் சாமர்த்தியங்களில் மட்டும் இல்லை. அங்கே 'வெளியே' என்று ஓர் இடம் கிடையாது. சக்தியை வீணாக்கினால் இன்று இரவே விளக்கு அணையும். சத்தம் செய்தால் தன் காதுக்கே கேட்கும். தான் விட்ட புகை தன் மூக்கிலேயே ஏறும். சௌகரியத்தை இங்கே வைத்துக்கொண்டு தொல்லையை அங்கே தள்ளுவதற்கு அங்கே என்பதே இல்லை. ஆகையால் படகில் வாழ்பவன் நல்லவனாக இல்லாவிட்டாலும் கணக்கில் நேர்மையாக இருந்தே தீரவேண்டும்.

நிலத்தில் வாழும் நமக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. நமக்குச் சுவர் இருக்கிறது. சுவருக்கு அப்புறம் இருப்பது நமக்குத் தெரிவதில்லை.

தென்காசியில் என் உறவினர் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது நடந்த பேச்சு ஒன்று நினைவுக்கு வருகிறது. மேற்குச் சுவர் முழுவதையும் சன்னலாக வைத்துவிட வேண்டுமென்று அவருக்கு ஆசை. கிழக்குச் சுவரை, தூசி வருகிறதென்று, ஒரு துளை கூட இல்லாமல் அடைத்துவிடச் சொன்னார். வயதான கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, மேக்கே எவ்வளவு பெரிய சன்னல் வச்சாலும் கிழக்கே அடைச்சிட்டா காத்து வாசல்லயே நின்னுட்டுப் போயிரும். அது வெக்கப்படுற விருந்தாளி மாதிரி. போக வழி தெரிஞ்சாத்தான் உள்ள வரும். வந்ததைப் பிடிச்சு வச்சுக்கிடலாம்னு நெனச்சா வரவே வராது."

உறவினர் சிரித்தார். கிழக்கே ஒரு சன்னலும், கூரையை ஒட்டிச் சிறு சிறு துளைகளும் வைக்க ஒப்புக்கொண்டார். சூடேறிய காற்று மேலே எழுந்து அந்தத் துளைகளால் வெளியேற, கீழே குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப வரும் என்பது கொத்தனாருக்குப் புத்தகம் சொல்லித் தந்ததல்ல. நடுவில் முற்றமும், தெருவாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும்படி ஒரே நேரில் வைத்த நிலைகளும் உள்ள நம் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் எல்லாரும் அறிந்திருந்த சங்கதி அது.

காற்றை அனுபவிக்க ஒரே வழி அதை விட்டுவிடுவது. கொத்தனாரின் வாக்கை இப்படிச் சுருக்கிச் சொல்லலாம். சொல்லிப் பார்த்தால் தர்மோபதேசம் போலவே ஒலிக்கிறது. உடனே ஓர் ஆட்சேபம் எழும்: இயற்கையின் நடத்தையிலிருந்து மனிதனுக்கு அறம் எடுப்பது நியாயமா? கல் கீழே விழுகிறது என்பதால் நாமும் விழவேண்டுமா? பெரிய மீன் சின்ன மீனைத் தின்கிறது என்பதால் நாமும் தின்னலாமா? ஆட்சேபம் சரியானதே. காற்றிடம் அறம் இல்லை. அது பள்ளத்தைத் தேடும் தண்ணீரைப் போல, அழுத்தம் குறைந்த இடத்தைத் தேடி ஓடுகிறது. அறமோ அறமின்மையோ சுவரில்தான் இருக்கிறது. சுவரை எங்கே எழுப்புவது, அதில் எங்கே துளை போடுவது, துளைக்கு அப்புறத்தில் யாரை உட்கார வைப்பது என்று தீர்மானிப்பவன் மனிதன். நாம் விசாரிக்க வேண்டியது அவனை.

அப்படி விசாரிக்கத் தொடங்கினால் முதலில் அகப்படுவது பங்கா. நம் தாத்தாக்களில் சிலர் கச்சேரியிலோ மாதா கோயிலிலோ பார்த்திருப்பார்கள். உத்தரத்திலிருந்து தொங்கும் நீண்ட துணிப்பலகை. அதில் கட்டிய கயிறு சுவரிலுள்ள துளை வழியாகத் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஒரு மனிதன் உட்கார்ந்து இழுப்பான். உள்ளே துரை தூங்குவார். அதைவிட அமைதியான காற்றுச் சாதனம் உலகில் இருந்ததில்லை. பல் சக்கரம் இல்லை, புகை இல்லை, இரைச்சல் இல்லை. செலவும் மிகக் குறைவு. ஏனென்றால் அந்த மனிதனின் கூலி மிகக் குறைவு. உள்ளே இருந்த அமைதி, வெளியே ஒருவனை நிறுத்தியதால் வந்த அமைதி. அவன் கண் அயர்ந்தால் மட்டுமே அவன் இருப்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியும். அப்போது வசவு வரும். சில சமயம் உதை வரும். சில சமயம் அந்த உதையில் உயிரும் போகும். அப்படி இறந்தவர்களின் வழக்குகளில், மலேரியாக் காய்ச்சலால் வீங்கியிருந்த மண்ணீரல் லேசாகப் பட்டாலே கிழிந்துவிடும், அடித்தவர் மேல் குற்றமில்லை என்ற வாதம் எடுபட்டிருக்கிறது. காய்ச்சல் கண்ட மனிதன் கயிறு இழுக்க ஏற்றவனாக இருந்தான். உதை தாங்க மட்டும் ஏற்றவனாக இல்லை என்பது அந்த நியாயத்தின் சாரம்!

ஃபார்ஸ்டர் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1924-இல் வெளியிட்ட 'எ பாசேஜ் டு இந்தியா'வில் ஒரு வழக்குமன்றக் காட்சி வருகிறது. வாதம், கூச்சல், தீர்ப்பு என்று ஊரே கொந்தளிக்கிறது. பங்கா இழுப்பவன் ஒன்றும் அறியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறான். எல்லாரும் போய் மன்றம் காலியான பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கிறான். நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பாத்திரத்தின் மேல் பொறாமை உண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்களில் சொல்ல வேண்டியதை, அவன் வாய் திறக்காமல் கயிற்றை இழுத்தே சொல்லிவிடுகிறான்.

இதைவிடக் கொடிய உதாரணமும் உண்டு. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1741-இல் கையால் இயக்கும் பெரிய துருத்திகளைக் கொண்டு அடைந்த இடங்களுக்குக் காற்றுச் செலுத்தும் முறையை வெளியிட்டார். கப்பல்களில் வைத்தார்கள். 1752-இல் லண்டன் நியூகேட் சிறையின் மேல் காற்றாடி ஒன்றை நிறுவி அதனால் துருத்தியை இயக்கினார்கள். சிறைக் காய்ச்சல் குறையவேண்டுமென்பது அவர் எண்ணம், கருணையுள்ள எண்ணந்தான். ஆனால் 1755-இல் அவர் எழுதிய அறிக்கையில் அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களிலும் இந்தச் சாதனம் எவ்வளவு பயன் தந்தது என்று சொல்லியிருக்கிறார். சங்கிலியில் கிடந்தவர்களுக்கும் காற்றுக் கிடைத்தது. அவர்கள் மூச்சு விட வேண்டும் என்பதற்காகக் கொடுத்தார்களா, சரக்கு கெடக்கூடாது என்பதற்காகக் கொடுத்தார்களா? காற்று ஒன்றுதான், கொடுத்த மனம் ஒன்றல்ல. நன்மை விளைந்தது என்பதனால் மட்டும் ஒரு செயல் அறமாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

அந்தச் சரக்குப் புத்தி கூட இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 1921 நவம்பரில் நம் அண்டையிலேயே பார்த்தோம். மலபார் கலவரத்தில் பிடிபட்ட சுமார் 100 பேரைத் திரூரில் மூடிய சரக்கு வண்டியொன்றில் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது பலர் பிணமாகக் கிடந்தார்கள். பிறகு இறந்தவர்களையும் சேர்த்து 70 பேர் வரை மாண்டார்கள். வாளாலும் அல்ல, துப்பாக்கியாலும் அல்ல. காற்று நுழையவும் வெளியேறவும் வழி இல்லாததால். மேல்காற்று தங்குதடையின்றி வந்து போகும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் அந்த வண்டி வந்தது. பெட்டிக்கு வெளியே காற்றுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் கதவை அடைத்தவர்களின் நெஞ்சில்.

'அதெல்லாம் பழங்கதை, இப்போதுதான் மின்விசிறி வந்துவிட்டதே' என்பீர்கள். வந்தது மிகவும் நல்லது. நல்ல தேகக்கட்டுள்ள ஒரு தொழிலாளி நாள் முழுவதும் ஓயாமல் செய்யக்கூடிய வேலையின் அளவு ஏறத்தாழ 75 வாட் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் வீட்டுக் கூரையில் பழைய மாதிரி விசிறி எடுத்துக்கொள்வதும் கிட்டத்தட்ட அதே 75 வாட். அதாவது ஒவ்வொரு விசிறிக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்காக்காரன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் காய்ச்சல் வராது, உதையும் விழாது என்பது பெரிய முன்னேற்றம். கயிற்றிலிருந்து மனிதனை விடுவித்த எந்திரத்தை நான் ஒருபோதும் இகழமாட்டேன். விடுவிக்கப்பட்டவனுக்கு வேறு பிழைப்புக் கிடைத்ததா என்று மட்டும் கேட்பேன். அந்தக் கேள்வியைக் கேட்க மறந்த முன்னேற்றங்கள் பல.

ஆனால் அந்தத் துளையுள்ள சுவர் போய்விடவில்லை, நீண்டுவிட்டது. கயிறு கம்பியாகித் தூத்துக்குடி வரை போகிறது. 1979-இல் அங்கே முதல் பகுதி இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம் போன்றவற்றில் கரி எரிகிறது; சாம்பலும் புகையும் அங்கே இருப்பவர்களுக்கு, காற்று நமக்கு. சீசன் மாதங்களில் வேறு மாதிரி. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் எதிரே நிற்கும் காற்றாலைகள் மேல்காற்றையே மின்சாரமாக்குகின்றன. குற்றாலத்துக் காற்று கம்பியேறிப் போய், காற்றே இல்லாத ஓர் ஊரின் மாடியறையில் மீண்டும் காற்றாகச் சுழல்கிறது. நினைத்தால் நெஞ்சு குளிர்கிறது.

அடுத்தபடியாகக் குளிர்சாதனம். அதன் இரைச்சலான பாதியை வெளிச்சுவரில் மாட்டிவிட்டு, ஓசையற்ற பாதியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறோம். அது குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே உள்ள வெப்பத்தை வெளியே தூக்கி எறிகிறது. எறிவதற்குச் செலவான மின்சாரமும் வெப்பமாகி அதோடு சேர்கிறது. ஆகவே அறை எவ்வளவு குளிர்ந்ததோ அதைவிடச் சற்று அதிகமாகவே தெரு சூடாகிறது. எதிர்வீட்டுக் கிழவி சன்னலைச் சாத்திக்கொள்கிறாள். அவளிடம் குளிர்சாதனம் இல்லை. பங்கா இழுத்தவனுக்குக் கூலியாவது கிடைத்தது. இவளுக்கு அதுவும் இல்லை.

அமைதியில் இரண்டு வகை உண்டென்று இப்போது தெரிகிறது. தேவையைச் சுருக்கியதால் வரும் அமைதி ஒன்று. ஓசையைப் பிறர் காதுக்கு அனுப்பிவிட்டதால் வரும் அமைதி மற்றொன்று. உள்ளே படுத்திருப்பவனுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் தெரியவேண்டுமானால் அவன் எழுந்து வெளியே வந்து பார்க்கவேண்டும்.

சட்டம் கூட இதை ஓரளவு அறிந்திருக்கிறது. வக்கீல்கள் ஈஸ்மெண்ட் சட்டம் என்று சொல்லும் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டுகள் இடையூறில்லாமல் உரிமையோடு வந்த வெளிச்சத்தையும் காற்றையும் பக்கத்து மனைக்காரர் தம் இஷ்டம்போல் மறித்துவிட முடியாது. நல்ல சட்டம். ஆனால் சன்னல் வைத்த வீடே இல்லாதவன் 20 ஆண்டுகளாக எதை அனுபவித்தான் என்று எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பான்? சட்டம் நின்றுவிடுகிற இடத்தில்தான் மனச்சாட்சிக்கு வேலை தொடங்குகிறது.

அதற்காக விசிறியை நிறுத்திவிட்டுப் புழுங்கிச் சாகுங்கள் என்று நான் உபதேசிக்க வரவில்லை. நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் சித்திரை வெயிலில் சுருண்டு கிடக்கும் முதியவருக்கும் எந்திரம் வேண்டும். இல்லையென்று சொல்வது தர்மமல்ல, கர்வம். நான் வேண்டுவது ஒரு வரிசை. முதலில் காற்று வரவும் போகவும் வழி விடுவோம். இரண்டு சன்னல்களும் ஒரு பனையோலை விசிறியும் பல இரவுகளுக்குப் போதும். போதாதபோது மெதுவாகச் சுழலும் விசிறி. அதன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றைத் தள்ளத் தேவையான சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பது பௌதிகம். காந்தம் பதித்த புதிய மோட்டார் உள்ளவை முழு வேகத்திலும் 30 வாட் அளவில் ஓடுகின்றன. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. தோலின்மேல் தங்கிய ஈரக்காற்றை விலக்கி வேர்வையை உலரவிடுகிறது, அவ்வளவே. அதற்குப் புயல் வேண்டாம், ஓர் அசைவு போதும். கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சம்மதிப்பவனுக்கு இயற்கை இவ்வளவு தாராளமாகத் தள்ளுபடி கொடுப்பது வேறெந்த விஷயத்திலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதுவும் போதாதபோது குளிர்சாதனம். அப்போதும் அதன் வெளிப்பாதி யாருடைய சன்னலுக்கு எதிரே நிற்கிறது என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு மாட்டவேண்டும்.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பாண்டியன் கல்வெட்டில் ஒன்று சொல்லிப் போயிருக்கிறான். இந்தக் கோயிலைப் பிற்காலத்தில் பேணிக் காப்பவர்கள் யாராயினும் அவர்கள் அடிகளைத் தான் தலையால் வணங்குவதாக அதன் கருத்து. கட்டிய அரசன், இன்னும் பிறக்காத காவற்காரர்களின் காலில் விழுகிறான். தன் கண்ணுக்குத் தெரியாத மனிதர்களை அவன் கணக்கில் சேர்த்துக்கொண்டான். சுவருக்கு அப்புறம் இருப்பவர்கள் என்று நான் இதுவரை சொல்லி வந்ததும் அவர்களைப் போன்றவர்களைத்தான். கயிற்றின் மறுமுனையில் இருப்பவன், கம்பியின் மறுமுனையில் இருப்பவன், கிழக்குச் சன்னலுக்கு அடுத்த வீட்டில் இருப்பவன், நாளைக்கு வரப்போகிறவன் ஆகிய எல்லாரும் அதில் அடக்கம்.

மேல்காற்று இந்த ஆனியிலும் கணவாய் வழியே வரும். நம் வீட்டுக்குள் நுழையுமா என்பது மேற்குச் சுவரைப் பொறுத்தது. அது அடுத்த வீட்டுக்கும் போய்ச் சேருமா என்பது கிழக்குச் சுவரைப் பொறுத்தது. கட்டும்போது முதல் சுவரைப் பற்றி எல்லாரும் யோசிக்கிறோம். இரண்டாவது சுவரைப் பற்றி யோசிப்பவனை நல்ல மனிதன் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.